வைக்கோல் எசான்ஸ்

"ஆளைக் காணோம் ஹேமா!" என்று போனில் அலறினார் ஜானகிராமன்.

"லாரியும்தான் காணோம் சார்" என்றாள் ஹேமலதா.

"லாரியா? நான் மெட்ராஸ் ஏர்போர்ட்டுல பூச்செண்டோட நிக்கிறேன்மா! டெல்லி பிளைட் வந்து ஒரு மணி நேரமாச்சு. டாக்டர் அரிகிருஷ்ணன் எறங்கவே இல்ல!"

அவருக்கு அங்கே ஒரு கவலை, இவளுக்கு இங்கே ஒரு கவலை. ஏழு மணிக்கு வரவேண்டிய வைக்கோல் லாரி ஒன்பதாகியும் வரவில்லை. விருந்தாளியே வந்து சேர்ந்தாலும், வைக்கோல் இல்லாமல் அவருக்கு எதைக் காட்டுவது?

சாரம் என்கிற பேட்டையில், எப்போதோ மூடிப்போன ஒரு நூல் மில்லின் பழைய குடோனில்தான் இவர்கள் கம்பெனி. மொத்தம் மூன்றே பேர். விஞ்ஞானி ஜானகிராமன், மெஷினை ஓட்டும் ஹேமலதா, கேட்டைப் பார்த்துக்கொள்ளும் சாமிக்கண்ணு. வேலை என்னவென்றால், ஒரு பக்கம் வைக்கோலைப் போட்டு, மறுபக்கம் வண்டிக்கு ஊற்றும் ஸ்பிரிட், ஐஸ்கிரீமுக்குப் போடும் வனிலா எசென்ஸ், டீ குடிக்கும் கப் என்று ஒவ்வொன்றாக எடுப்பது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஹேமலதாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஜானகிராமன் ஒரு ஸ்பூனில் பழுப்பாக எதையோ எடுத்து, "நாக்குல வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தாள். இனித்தது! மாடு தின்னும் வைக்கோலுக்குள் இத்தனை சர்க்கரை ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது, பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளிலிருந்து அந்த மெஷினுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறாள்.

இப்போது அந்த மெஷினுக்குத்தான் ஆபத்து. கம்பெனிக்குப் பணம் கொடுக்கும் டெல்லிக்காரர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள். டாக்டர் அரிகிருஷ்ணன் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் புனேவுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். சம்பளம் போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். மெஷின் போய்விட்டால்? அவள் மறுபடியும் கேட்டுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் லாரி வந்து நின்றது. டிரைவர் நெடுமாறன் குதித்து இறங்கினான்.

"அக்கா, பசி உசுரு போவுது. டிபன் சாப்டு வந்துர்றேன்!"

"டேய், லோடு?"

அவன் தெருமுனை டிபன் கடையை நோக்கிப் பறந்துவிட்டான். கேபினின் மறுபக்கத்திலிருந்து, துணிப்பையைப் பிடித்தபடி ஒரு மனிதர் மெதுவாக இறங்கினார். அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன பேன்ட், தலைமுடியெல்லாம் வைக்கோல் துரும்பு.

"அம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"வந்துட்டீங்கல்ல, அது போதும். வந்ததே ரெண்டு மணி நேரம் லேட்டு. பைய ஓரமா வச்சிட்டு கட்ட எறக்குங்கண்ணே!"

அவர் ஹேமலதாவைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். வைக்கோலைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, சட்டைக் கையை மடித்துவிட்டு ஏறினார். ஏறினவர் வைக்கோல் கட்டை முழங்காலில் முட்டுக் கொடுத்துத் தோளுக்குத் தூக்கின தினுசே தனியாக இருந்தது.

"பரவால்லியே, கைப்பழக்கம் இருக்கு" என்றான் சாமிக்கண்ணு.

"சின்ன வயசுல செஞ்சது" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

மறுபடியும் போன். "ஹேமா! டெல்லி ஆபீசுல கேட்டுட்டேன். அவரு நேத்தே ரயில்ல வந்துட்டாராம். சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு நேரா அங்கதான் வர்றாராம்!"

"ஐயையோ! ஆளு எப்படி சார் இருப்பாரு? போட்டோ அனுப்புங்க!"

"நெட்டுல தேடினேன்மா. அதே பேருல ஒரு பல் டாக்டர்தான் வர்றாரு. வயசானவரு, பிரான்சுல படிச்சவரு, ரொம்ப எளிமையான மனுஷன். இவ்ளோதான் சொன்னாங்க. நான் கெளம்பி வர்றேன். அதுவரைக்கும் நீதான் சமாளிக்கணும். அவரு எது கேட்டாலும் இல்லன்னு சொல்லிடாத!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கேட்டில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் நிற்கிறார். கோட்டு, பளபளவென்று ஷூ, கையில் ஒரு காலி பாட்டில்.

"போன்ழூர், மதாம்! எசான்ஸ் இருக்கா? கொஞ்சமா போதும்" என்றார்.

ஹேமலதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரெஞ்சு! வயசு! வாசலில் கால் வைத்ததுமே வனிலா எசென்சைக் கேட்கிறாரே! அதுவும் சாம்பிள் எடுக்கப் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்!

"யக்கா, பாத்தா சொல்தா கணக்கா இருக்காரே" என்று காதோரம் முணுமுணுத்தான் சாமிக்கண்ணு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"வாய மூடுய்யா! விஞ்ஞானி! போயி மாலைய எடுத்துட்டு வா!"

ஜானகிராமன் வாங்கி வைத்திருந்த சந்தன மாலை பெரியவர் கழுத்தில் விழுந்தது. அவர் திகைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"மெர்சி, மெர்சி. எசான்ஸ் கேட்டு வந்தா மாலையெல்லாம் போடுவீங்களா?"

"உங்களுக்குப் போடாம வேற யாருக்கு சார் போடப் போறோம்?"

பாட்டில் நிறைய வனிலாவை ஊற்றிக் கொடுத்தாள். அவர் மூக்கருகே கொண்டுபோனார். புருவம் இரண்டும் ஏறின.

"என்னம்மா இது, இம்மாம் வாசனையா இருக்கு? புது மாடலா?"

"வைக்கோல்லேர்ந்து எடுத்தது சார்!"

"வைக்கோல்லேர்ந்தா!" பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாட்டிலை ஏந்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். ஐந்து நிமிஷம் எதையோ உதைக்கும் சத்தம் கேட்டது. பிறகு முகம் வாடித் திரும்பி வந்தார்.

"இது எசான்ஸ் இல்ல மதாம். வேலைக்கு ஆகல."

ஹேமலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்கு ஆகவில்லையா? வெளியே போய் என்ன பரிசோதனை செய்தாரோ! புனேவுக்குப் போகும் பெட்டிக்கு இப்போதே ஆணி அடிப்பதுபோல் அவளுக்குக் கேட்டது.

"சார், சார்! ஒரு தடவை மொதல்லேர்ந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார். அண்ணே! எறக்கினது போதும், இங்க வந்து கட்டர்ல வைக்கோலப் போடுங்க!"

"அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றார் லாரியில் வந்தவர்.

"கூலியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ணே. வாங்க வாங்க!"

அவர் வாயை மூடிக்கொண்டு வைக்கோலைப் போட ஆரம்பித்தார். கட்டர் கரகரவென்று அதை விரல் நீளத்துக்கு வெட்டித் தள்ளியது. ஹேமலதா பேச ஆரம்பித்தாள். மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு ஊர் உலகம் மறந்துபோகும்.

"வைக்கோல்ல சர்க்கரை இருக்கு சார். ஆனா அது பூட்டிக் கெடக்கு. அதச் சுத்தி பசை மாதிரி ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கு. அந்தப் பூட்ட ஒடைக்கணும். அதுக்குத்தான் இது!" என்று ஆள் உயர உருளை ஒன்றைத் தட்டிக் காட்டினாள். சாமிக்கண்ணு அதற்கு வைத்த பெயர் வெடிப்பானை. உள்ளே வைக்கோலைப் போட்டு நீராவியை ஏற்றி அழுத்தி வைத்து, சட்டென்று திறந்துவிட்டால் ஒவ்வொரு துரும்பும் பொரிபோல் வெடித்துத் தளர்ந்துவிடும்.

"ஒரு கிலோவுக்கு நீராவி எவ்ளோம்மா ஆவும்?" என்று கேட்டார் கட்டர் பக்கத்திலிருந்து அந்த ஒல்லி மனிதர்.

"அண்ணே, கேள்வியெல்லாம் சார் கேக்கட்டும்!" என்று அதட்டினாள். ஆனால் கேட்டுவிட்டாரே, பதில் சொல்லாமல் இருக்க முடிகிறதா? நீராவிக் கணக்கு, தண்ணீரைத் திருப்பி எடுக்கும் குழாய், கரண்டுச் செலவு, போன மாசம் அவளே யோசித்து மாற்றிப் போட்ட வால்வு, அதனால் மிச்சமான விறகு என்று அத்தனையையும் அவரிடமே கொட்டிவிட்டாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தொப்பிக்காரரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயோ, சாருக்கு அலுத்துவிட்டது!

"சார், இந்தப் பச்ச பட்டன உங்க கையால அமுத்துங்க சார்!" என்றாள் ஹேமலதா.

மரியாதை செய்கிற அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். வெடித்து வரும் வைக்கோலைப் பிடிக்கும் டிரம்முக்கு மூடி போடவில்லை.

பெரியவர் அமுக்கினார்.

பொம்!

குடோன் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன. நீராவி கலைந்தபோது, தொப்பி முதல் ஷூ வரைக்கும் பழுப்பு நிற வைக்கோல் கூழ் அப்பிக்கொண்டு நின்றார் பெரியவர். சந்தன மாலை போன இடம் தெரியவில்லை.

"செத்தேன்" என்றாள் ஹேமலதா.

"கவலப்படாதக்கா!" என்று சாமிக்கண்ணு ஹோஸ் பைப்பைக் கொண்டுவந்து திருப்பினான். முழு வேகத்தில் திருப்பினான். கூழ் போனது. கூடவே தொப்பியும் போனது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற பெரியவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துத் துண்டால் துடைத்தாள் ஹேமலதா. துடைக்கத் துடைக்க அவளுக்கே அழுகை வந்தது.

பெரியவர் கோபப்படவில்லை. தோளில் ஒட்டியிருந்த கூழை எடுத்து விரலால் நசுக்கினார். வெண்ணெய்போல் நசுங்கியது.

"இதுவா வைக்கோலு? கைய கிழிக்குமே, அந்த வைக்கோலா?" என்றார் குரல் தழைந்து.

ஹேமலதாவுக்கு உயிர் திரும்பியது. ஓடிப்போய், வைக்கோல் நாரில் செய்த இரண்டு கப்களில் நேற்று எடுத்த சர்க்கரைப் பாகைக் கொண்டுவந்தாள். ஒன்றைச் சாரிடம் கொடுத்தாள். கட்டர் பக்கம் நின்றவரும் பாவம், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உழைக்கிறார் என்று இன்னொன்றை அவரிடம் நீட்டினாள்.

"இதே கூழுல என்சைமப் போட்டு ரெண்டு நாளு வச்சா இப்படி ஆவுது சார். இத புளிக்க வச்சு வடிச்சா ஸ்பிரிட். மிச்சம் நிக்கிற கறுப்புப் பசையிலேர்ந்துதான் அந்த வனிலா. ஒரு துரும்பு வீணாப் போறதில்ல!"

பெரியவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் பானத்தை வைக்கோலில் ஊற்றிக் குடிக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஒல்லி மனிதரோ கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"என்னண்ணே, புடிக்கலியா?"

"கேள்விப்பட்டிருக்கேம்மா. நாக்குல வச்சுப் பாத்ததில்ல" என்றார். கப்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உறிஞ்சினார். "இவ்ளோ இனிக்குமா இது!"

தினம் பார்க்கிற சாமிக்கண்ணுகூட டிரம்மை எட்டி ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"எல்லாம் சரி மதாம்" என்று எழுந்தார் பெரியவர். "அந்த எசான்ஸ்?"

ஹேமலதா விழித்தாள். அதைத்தானே கொடுத்தோம், வேலைக்கு ஆகவில்லை என்றாரே!

ஒல்லி மனிதர் அருகே வந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, அவரு கேக்கறது வாசனை இல்ல. பிரெஞ்சுல எசான்ஸ்னா பெட்ரோல்."

"பெட்ரோலா! உங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

"கொஞ்ச காலம் அந்தப் பக்கம் இருந்தேன்."

பீச் பக்கம், வெள்ளைக்காரத் தெருவில் எங்கேயோ வேலை பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள் ஹேமலதா. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அடடா, எப்பேர்ப்பட்ட விஞ்ஞானி! பேப்பரில் கணக்குப் பார்க்கவில்லை. நேராக வண்டியில் ஊற்றி ஓட்டிப் பார்க்கிறார்!

வெளியே ஒரு பழைய மொபெட் நின்றது. டேங்கைத் திறந்தால் பாயச வாசனை குப்பென்று வந்தது. அவள் கொடுத்த வனிலா முழுக்க அதற்குள்தான் இருந்தது.

"ஐயோ சார், இதுல பாதி தண்ணி சார்!"

ஒல்லி மனிதர் பேசாமல் உட்கார்ந்து டேங்கைக் கவிழ்த்து, துடைத்து, கார்புரேட்டரையும் கழற்றி ஊதினார். சாமிக்கண்ணுவின் வண்டியிலிருந்து பெட்ரோல் கொஞ்சம், அதோடு ஹேமலதா அளந்து கலந்த வைக்கோல் ஸ்பிரிட் கொஞ்சம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் பெடலை ஒரு மிதி மிதித்தார்.

இருமியது. இரண்டாவது மிதி. தும்மியது. மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது பாருங்கள், தெருவே கேட்கும்படி படபடபட என்று! புகை வரும் இடத்தில் பாயசம் வந்தது. எதிர்வீட்டுச் செல்வாம்பாள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "யார் வீட்டுல விசேஷம்?" என்று கேட்டாள். பள்ளிக்கூட வேன் ஒன்று நின்றே விட்டது.

போன மாசம் கண்டமங்கலத்தில் கதிர் அறுத்த கழனியில் காய்ந்துகொண்டிருந்த வைக்கோல் இது. இன்றைக்குச் சாரத்தில் ஒரு மனிதரைச் சுமந்துகொண்டு ஓடப் போகிறது. ஹேமலதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று வருஷமாக ஸ்பிரிட் எடுக்கிறாள், அது ஒரு வண்டியை ஓட்டி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஒல்லி மனிதரின் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தாள். புகை பட்டிருக்கும்.

"பிரமாதம் மதாம்! என் ஆயுசுல இப்படி ஒண்ண பாத்ததில்ல!" என்று கத்தினார் பெரியவர், மொபெட் சத்தத்துக்கு மேலே.

ஜெயித்தாகிவிட்டது! ஹேமலதா உள்ளே ஓடி விருந்தாளிகள் ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதே வார்த்தைய இதுல எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க சார்!"

அவர் அழகாக எழுதினார். கீழே கையெழுத்தும் பேரும் போட்டார். கோவிந்தசாமி.

"சார்... அரிகிருஷ்ணன்னு இல்ல போடணும்?"

"அது யாரு?"

"டெல்லியிலேர்ந்து... மெஷினப் பாக்க..."

"நான் லாஸ்பேட்டைம்மா. சொல்தா. ரிட்டையராயி முப்பது வருஷமாச்சு. உசுரோட இருக்கேன்னு பென்ஷன் ஆபீசுல காட்டப் போனேன், வழியில எசான்ஸ் தீந்துபோச்சு" என்றார் கோவிந்தசாமி. நனைந்த கோட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லவேளை, இன்னமும் உசுரோடதான் இருக்கேன். ஓர்வுவார், மதாம்!"

மொபெட் பாயச வாசனையோடு தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் சாமிக்கண்ணு. ஹேமலதா பார்த்த பார்வையில் அவன் ஹோஸ் பைப்பைச் சுருட்டப் போய்விட்டான்.

அவள் வைக்கோல் கட்டு ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டு. உண்மையான அரிகிருஷ்ணன் இந்த நேரத்தில் வந்தால் என்ன பார்ப்பார்? தரையெல்லாம் கூழ், சுவரெல்லாம் கூழ், டிரம் காலி, காட்டுவதற்கு வைத்திருந்த பாகைக் குடித்தாகிவிட்டது, வனிலா மொபெட்டுக்குப் போய்விட்டது. பார்த்த மாத்திரத்தில் மெஷினைப் பெட்டி கட்டச் சொல்லுவார்.

"அழாதம்மா" என்றார் ஒல்லி மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து.

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. புனேவுக்குக் கொண்டுபோயிட்டா அவங்க இத ஒரு மூலையில போட்ருவாங்க. இதோட சத்தத்த வச்சே எனக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். எந்த ஊரு வைக்கோலுக்கு எத்தன நிமிஷம்னு தெரியும். ஒவ்வொரு வருஷமும் கழனியில வைக்கோலக் கொளுத்திப் புகையாக்குறாங்களே, அத்தனையும் சர்க்கரைண்ணே! அத்தனையும் வண்டி ஓட்டும்! பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"இத எப்படிண்ணே மூட மனசு வரும்?"

"வராது" என்றார் அவர். "இந்த மெஷின் இங்கேர்ந்து போவாதும்மா."

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். ஆனா டெல்லிக்காரங்ககிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

அழுகையோடு அழுகையாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்! அவரும் சிரித்தார். எழுந்து பேன்ட்டில் ஒட்டியிருந்த துரும்பைத் தட்டிவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டினார்.

"இந்தக் கப்ப எடுத்துக்கட்டுமாம்மா?"

"ரெண்டா எடுத்துக்குங்கண்ணே. வர்றப்ப ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னது?"

"அத அப்புறம் எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கப்களையும் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். லோடு இறக்க வந்தவர் எழுதி வேறு அனுப்புவாராம்! ஹேமலதா மூக்கைத் துடைத்துக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துக் கூழை வழிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வழியாக நெடுமாறன் பல் குத்திக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"சாரிக்கா, டிபன் கடையில சரியான கூட்டம்."

"டிபன் சாப்பிட மூணு மணி நேரமாடா? உன் லோடுமேன் இருந்தாரு, நான் பொழச்சேன். தங்கமான மனுஷன். இனிமே அவரையே அனுப்பு."

நெடுமாறன் குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"எந்த லோடுமேன்க்கா? இன்னிக்கி எனக்கு ஆளே வரல, அதான் லேட்டு. அவரு கண்டமங்கலம் பஸ் ஸ்டாப்புல நின்னு உங்க கம்பெனிக்கு வழி கேட்டாரு, டெல்லியிலேர்ந்து மெஷினப் பாக்க வந்திருக்கேன்னாரு, பாவம்னு நான்தான் ஏத்திக்கிட்டு வந்தேன்!"